தங்கம் மோதினால் எத்தனை தெறிக்கும்

போன மாதம் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்தவள், நேரில் பார்த்ததில்லை. பழைய நிரல்களையெல்லாம் புதுக் கணினிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்களாம். இரண்டு கனமான அணுக்கருக்கள் மோதினால் எத்தனை துகள்கள் தெறிக்கும் என்று இனிமேல் யாரும் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியதில்லை, ஏற்கெனவே நடந்த மோதல்களைப் பார்த்துப் பழகிய கணினி தானே சொல்லிவிடும் என்றாள். நல்லதாகப் போயிற்று என்றேன். அவள் கேட்க வந்தது அது அல்ல. என் பெயர் போட்ட ஒரு நிரலின் நடுவில், கணக்குக்குச் சம்பந்தமே இல்லாமல், "எங்கே நின்று எண்ணுகிறாய்?" என்று ஆங்கில எழுத்தில் ஒரு தமிழ் வரி கிடக்கிறதாம்.

"அதை அழிச்சிடலாமா மேடம்?" என்றாள்.

வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்து, போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை என்று விட்டுவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு வீட்டைப் பூட்டினேனா என்று இறங்கி ஓடுகிற ரகம். மழைக்காலத்தில் விளக்கு ஒருமுறை மினுக்கினால் போதும், கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் கணக்கு போயிற்றே என்று நாற்காலியை விட்டு எழுந்துவிடுவேன். நடக்காததை முன்கூட்டிச் சொல்கிற வேலைக்கு இப்படிப்பட்ட ஒருத்தி போய்ச் சேர்ந்தது என் தலையெழுத்து. கோயம்புத்தூரில் இயற்பியல் படித்தேன், கல்யாணமாகி ஊட்டிக்கு வந்தேன், பக்கத்தில் இத்தலார் கிராமத்துக்கு மேலே சரிவில் இருந்த ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் ஒப்பந்தத்தில் வேலை கிடைத்தது. ஆரம்ப வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நிறையக் கற்றுக்கொண்டேன், நிறைய சளி பிடித்தது.

எங்கள் வேலை இதுதான். வானத்திலிருந்து இரும்பு போன்ற கனமான அணுக்கருக்கள் வந்து, மேலே காற்றில் உள்ள அணுக்கருக்களோடு மோதும். மோதிய இடத்தில் புதிய துகள்கள் தெறிக்கும். அவை இறங்கி வரும்போது, சரிவு முழுக்கப் பரப்பி வைத்திருந்த எங்கள் கருவிகள் எண்ணும். கீழே வந்த எண்ணிக்கையை வைத்து மேலே மோதியது எது என்று சொல்ல வேண்டுமானால், ஒரு மோதலில் எத்தனை தெறிக்கும் என்று முன்பே கணித்து வைத்திருக்க வேண்டும். அந்த "எத்தனை"தான் எங்களுக்குச் சோறு போட்டது.

ஆய்வுக்கூடத்தின் தலைவர் ஹமீது சார். ஊட்டி மார்க்கெட்டில் மளிகைக்கடை வைத்திருந்த குடும்பம். அண்ணன்மார் கடையைப் பார்த்துக்கொண்டார்கள், இவர் ஒருவர் மட்டும் படிப்பு என்று கிளம்பி, வெளிநாடெல்லாம் போய்விட்டு மறுபடி மலைக்கே வந்துவிட்டார். பிளேடால் பென்சில் சீவிக்கொண்டேதான் யோசிப்பார். நாம் பேசும்போது எழுந்து நின்றுவிடுவார், நாம் முடிக்கும் வரை உட்கார மாட்டார். அதனாலேயே அவரிடம் யாரும் நீட்டிப் பேசியதில்லை. "தப்பு" என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. "மறுபடி போடுங்க" என்பார், அவ்வளவுதான். கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். சாதாரண நாளில், "அம்மணி, இதைக் கொஞ்சம் பாருங்க." கோபமான நாளில், "தயவு செஞ்சு, உங்களுக்கு நேரமிருந்தா, இதைக் கொஞ்சம் பார்க்க முடியுங்களா?" அந்தத் "தயவு செஞ்சு" காதில் விழுந்தால் முதல் வரியிலிருந்து மறுபடி போட ஆரம்பித்துவிடுவேன்.

அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். எந்தக் கணிப்பையும் இரண்டு பேர் தனித்தனியாகப் போட வேண்டும். நான் என் அறையில் கணினியில் போடுவேன், அவர் தன் அறையில் பென்சிலால், குறுக்கு வழிகளில், தோராயமாகப் போடுவார். முடியும் வரை ஒருவர் கணக்கை ஒருவர் பார்க்கக் கூடாது. இரண்டும் ஒத்துவரவில்லை என்றால், "உங்களுக்கு எவ்வளவு வந்தது?" என்று கேட்பதும் கூடாது. எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் மனம் தானாக அந்தப் பக்கம் நகர்ந்துவிடும் என்பார். "எதை எண்ணினீங்க?" என்று மட்டும் கேட்கலாம். எந்தத் துகளைச் சேர்த்தோம், எதை விட்டோம் என்று சொல்லிக்கொண்டே வந்தால் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும். இரண்டும் ஒத்துவந்துவிட்டால் கேள்வியே கிடையாது. நேராக டீ குடிக்கப் போய்விடுவோம்.

அப்போதுதான் தேயிலை விலை விழுந்தது. விழுந்தது என்றால், பறிக்கிற கூலிக்கே இலை கட்டாது என்ற நிலை. சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கி அரைக்கிற ஒரு பேக்டரியில் என் கணவர் நடராஜன் கணக்கராக இருந்தார். பேக்டரியை முதலில் வாரத்தில் பாதி நாள் மூடினார்கள், பிறகு முழுக்கவே மூடிவிட்டார்கள். அவர் மட்டும் காலையில் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு, குன்னூரில் தேயிலை ஏலம் நடக்கும் வட்டாரத்துக்குப் போய், தெரிந்த புரோக்கர் ஆபீஸ்களில் உட்கார்ந்துவிட்டு வருவார். "இன்னிக்கு என்னாச்சுங்க?" என்று நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். பள்ளிக்கூடம் போகிற பெண் ஒருத்தி. வீட்டில் வருமானம் என்று இருந்தது என் சம்பளம் மட்டும்தான்.

அந்தச் சம்பளமும் தேயிலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஆய்வுக்கூடத்தை நடத்தியது ஒரு அறக்கட்டளை. அதன் வரும்படியெல்லாம் சில எஸ்டேட்களிலிருந்து வந்தது. எஸ்டேட் படுத்தால் நாங்களும் படுக்க வேண்டியதுதான். என் ஒப்பந்தத்தை வருஷா வருஷம் புதுப்பிப்பார்கள். ஹமீது சாரும் ஓய்வு வயதைத் தாண்டி, வருஷா வருஷம் நீட்டிப்பில்தான் இருந்தார். மழை முடிவதற்குள் ஒரு மதிப்பாய்வுக் குழு வரப்போகிறது, ஆட்களைக் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது.

இந்த நேரத்தில்தான் வெளிநாட்டிலிருந்து அந்தக் கேள்வி வந்தது. தங்க அணுக்கருக்களை எதிரெதிராக ஓடவிட்டு மோதவைக்கும் பெரிய கருவி ஒன்றைக் கட்டி முடித்திருந்தார்கள். அது ஓடி முதல் முடிவு வெளியாவதற்கு முன், இந்தக் கணக்குப் போடுகிறவர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு எண் சொல்ல வேண்டும். நேருக்கு நேர் ஒரு மோதலில், நடுப்பகுதியில் மின்னேற்றமுள்ள துகள்கள் எத்தனை தெறிக்கும்? முடிவு வெளியான பிறகு வருகிற எண்ணை எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

வீட்டில் சொன்னேன். நடராஜன் சிரித்தார். வேலை போன பிறகு அவர் சிரித்ததே அன்றுதான். "தங்கத்தை இடிச்சு உடைக்கிறாங்களா? தெறிக்கறதுல நமக்கும் ரெண்டு பொறுக்கிட்டு வா, கௌசி."

இத்தலார் பஸ்ஸில் என்னோடு தினமும் வரும் போஜண்ணனுக்கும் விஷயம் போய்விட்டது. சின்னதாக ஒரு தேயிலைத் தோட்டம் வைத்திருப்பவர், படித்த பெண் என்றால் அவருக்கு டீச்சர்தான். "ஏனுங்க டீச்சரம்மா, எங்கயோ அக்கரைச் சீமையில இடிக்கறதையெல்லாம் முன்னாடியே சொல்லுவீங்களாம். பச்சை இலை எப்ப ஏறும்னு ஒரு கணக்குப் போட்டுச் சொல்லக் கூடாதுங்களா?" என்றார். பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது. கிண்டலாகத்தான் கேட்டார், ஆனால் பதிலுக்குக் காத்திருந்த முகத்தில் கிண்டல் இல்லை.

கணக்குக்கு வருகிறேன். ஒரு தங்க அணுக்கருவுக்குள் நிறையப் பேர் நெருக்கியடித்து இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் தனியாக மோதினால் எத்தனை தெறிக்கும் என்று தெரியும். ஆனால் எல்லாருமாகச் சேர்ந்து மோதும்போது அந்த எண்ணை அப்படியே பெருக்க முடியாது. நெரிசலான பஸ்ஸில் யாராலும் கையை வீசி நடக்க முடியாது அல்லவா, அதுபோல நெருக்கத்தில் ஒவ்வொருவரும் தனியே இருந்தால் கொடுப்பதைவிடக் குறைவாகத்தான் கொடுப்பார்கள். எவ்வளவு குறைவு என்பதில்தான் உலகம் முழுக்கச் சண்டை. நிறையக் குறையும் என்பது ஹமீது சாரின் கட்சி.

நான் கணினியில் போட்டேன், அவர் பென்சிலால் போட்டார். இரண்டு எண்களையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஒத்துவந்தது, அதுவும் அச்சாக. சார் பிளேடைக் கீழே வைத்துவிட்டு, "வாங்க, டீ குடிக்கலாம்" என்றார். அன்று மாலையே எண்ணை அனுப்பிவிட்டோம்.

பிறகு எல்லாருடைய எண்களையும் அட்டவணையாகப் போட்டு அனுப்பி வைத்தார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்லியிருந்தார்கள். எல்லாரையும்விடக் கீழே, தனியாக, எங்களுடையது. அறக்கட்டளையின் செயலாளர் போனில், "பெரிய பெரிய இடமெல்லாம் அங்க நிக்குது, நீங்க மட்டும் இங்க நிக்கிறீங்களே" என்றாராம். சார் அதை என்னிடம் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அது சாதாரணமாகப் படவில்லை. எங்கள் எண் தப்பாகிப் போனால், குழுவுக்கு வேறு காரணமே தேட வேண்டியதில்லை.

குழுவுக்குத் திரையில் போட்டுக் காட்ட, கண்ணாடி போன்ற ஒளித்தாள்களில் படம் வரைகிற வேலையை என்னிடம் கொடுத்தார் சார். ஒரு மத்தியானம், ஜன்னலுக்கு வெளியே மேகம் இறங்கி ஒன்றும் தெரியவில்லை, விளக்கைப் போட்டுக்கொண்டு வரைந்துகொண்டிருந்தேன். முதல் தாளில் எங்கள் மலை: மேலே மோதும் இடம், கீழே கருவிகள், நடுவே அம்புக்குறி, பக்கத்தில் "கிலோமீட்டர்" என்று எழுதினேன். அடுத்த தாளில் அவர்களுடைய கருவி: நடுவில் மோதும் இடம், அதைச் சுற்றி எண்ணும் அடுக்குகள். அம்புக்குறி போட்டு, அவர்கள் அனுப்பியிருந்த விவரத்தைப் பார்த்து "சென்டிமீட்டர்" என்று எழுதினேன். பேனா அப்படியே நின்றுவிட்டது.

மோதலில் பிறக்கும் துகள்களில் சில, கொஞ்ச தூரம் போன பிறகுதான் உடையும். அவற்றில் மின்னேற்றம் இல்லாத சில உண்டு. அவை எண்ணும் கருவியின் கண்ணில் படாது. உடைந்ததும் மின்னேற்றமுள்ள இரண்டாகிவிடும், அப்போது கண்ணில் படும். எங்களுக்கு மேலேயிருந்து கீழே வர எத்தனையோ கிலோமீட்டர் காற்று இருக்கிறது. வந்து சேர்வதற்குள் உடைய வேண்டியதெல்லாம் உடைந்திருக்கும். அதனால் எங்கள் நிரல் எல்லாவற்றையும் உடைத்துவிட்டுத்தான் எண்ணும். அதை எழுதியது ஹமீது சார், நான் வேலைக்கு வருவதற்கு முன்பே. மலைக்கு அது சரி. ஆனால் அந்தத் தங்கக் கருவி மோதும் இடத்தை ஒட்டியே நின்று எண்ணுகிறது. அப்படியும் கருவிக்குள்ளேயே உடைகிற சிலவற்றைக் கழித்துவிட்டு, மோதலில் நேரடியாகப் பிறந்ததை மட்டும் சொல்வதாக அவர்களே எழுதியிருந்தார்கள். நாங்கள் அங்கே உடையாததையும் உடைத்து எண்ணி அனுப்பியிருந்தோம்.

அப்படியானால் சார் பென்சிலால் போட்டது எப்படி ஒத்துவந்தது? அதற்கும் பதில் உடனே தெரிந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க அவரும் மலைச் சரிவில் நின்று எண்ணியவர்தான். அவருடைய குறுக்கு வழிகளும் எல்லாவற்றையும் உடைத்துவிட்டே ஆரம்பிக்கும். இரண்டு பேர் தனித்தனியாகத்தான் எண்ணினோம், ஆனால் ஒரே இடத்தில் நின்று எண்ணிவிட்டோம். எண்கள் ஒத்துவந்ததால் "எதை எண்ணினீங்க?" என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

ஒளித்தாளை எடுத்துக்கொண்டு அவர் அறைக்கு நடந்தேன். பிழை அவருடையது, அதைச் சொல்லப்போகிறவள் ஒப்பந்தத்தில் இருக்கிறவள், புதுப்பிக்கச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டியவர் அவர். சொல்லாமல் திரும்பிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் முகத்தை வைத்துக்கொண்டு எனக்கு நடிக்கத் தெரியாது.

"சார், நாம எங்க நின்னு எண்ணியிருக்கோம்?"

எழுந்து நின்றார். "புரியலீங்க."

"நம்ம நிரல் எல்லாத்தையும் உடைச்சிட்டுத்தான் எண்ணுது. அவங்க மோதற இடத்துலயே நின்னு எண்ணறாங்க. அங்க உடையாததையும் நாம உடைச்சிட்டோம்."

"நான் கையில போட்டதும் ஒத்துவந்துச்சே?"

"நீங்களும் உடைச்சுத்தான் சார் போட்டிருக்கீங்க."

பிளேடைக் கீழே வைத்தார். "தயவு செஞ்சு, அந்தக் கதவைச் சாத்திட்டு உட்கார முடியுங்களா?" என்றார். போச்சு, வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன். அவர் என்னைத் திட்டவில்லை. தன் கணக்குத் தாள்களை எடுத்து முதல் வரியிலிருந்து எனக்குப் படித்துக் காட்டினார். உடைக்கும் இடம் வந்ததும் நிறுத்தினார். "இத்தனை வருஷமா இந்த வரியை நான் பார்க்கவே இல்லைங்க" என்றார். அவர் கோபப்பட்டது என் மேல் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் இருவரும் மறுபடி போட்டோம். இந்த முறை ஆரம்பிப்பதற்கு முன்பே எதை எண்ணுகிறோம் என்று பேசிக்கொண்டோம். புது எண் இன்னும் கீழே போயிற்று. ஏற்கெனவே அட்டவணையில் கடைசி, இப்போது கடைசிக்கும் கீழே.

"அனுப்பித்தான் ஆகணுமா சார்?" என்றேன்.

"முடிவு வெளியாகறதுக்கு முன்னாடி போய்ச் சேரணும். அப்புறம் அனுப்பினா திருத்தம்னு யாரும் சொல்ல மாட்டாங்க, திருட்டுன்னு சொல்லுவாங்க." முடிவு எந்த நாளும் வெளியாகலாம் என்ற நிலை. அன்றைக்கே வெளியாகியிருந்தாலும் எங்களுக்குத் தெரிய வழியில்லை. காற்றுமழையில் ஆய்வுக்கூடத்துக்கு வரும் டெலிபோன் லைன் அறுந்து கிடந்தது. ஊட்டியிலும் எங்கே கேட்டாலும் லைன் இல்லை என்றார்கள். நடராஜனுக்குத்தான் யோசனை வந்தது. ஏலம் நின்றுவிடக் கூடாது என்பதற்காக, குன்னூர் புரோக்கர் ஆபீஸ்களின் லைனை மட்டும் எப்படியாவது உடனே சரிசெய்துவிடுவார்களாம். அவர் தினமும் போய் உட்காரும் ஆபீஸில் மின்னஞ்சல் வசதியும் இருந்தது.

மூன்று பேரும் கிளம்பினோம். வழியில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. மண்ணை அள்ளுகிற வரை ஜன்னலில் வழிகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது வெளியாகிக்கொண்டிருக்கும், இந்த நிமிஷம் வெளியாகியிருக்கும் என்று மனம் அடித்துக்கொண்டது. சார் கணக்குத் தாளை ஸ்வெட்டருக்குள் வைத்துப் பொத்தான் போட்டிருந்தார். நடராஜன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஏலத்துக்குப் போற இலைக்குக்கூட நாங்க இப்படிப் பதறினதில்லீங்க சார்" என்றார்.

புரோக்கர் ஆபீஸின் மேனேஜர் வெள்ளியங்கிரி, கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். அன்றைக்கு ஏலத்தில் பாதிச் சரக்கைக் கேட்க ஆளில்லை என்று தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். ருசி பார்க்கும் நீள மேஜையில் வெள்ளைக் கிண்ணங்களில் டீ ஆறிக் கிடந்தது. இந்த நிலையிலும் எழுந்து நாற்காலி போட்டு, கணினியைத் திறந்து கொடுத்தார்.

சார் நின்றுகொண்டே சொன்னார், நான் ஆங்கிலத்தில் தட்டினேன். எங்கள் எண்ணில் பிழை இருக்கிறது, காரணம் இது, திருத்திய எண் இது. பிறகு, "இந்தப் பிழையைச் செய்தவர் ஹமீது. கண்டுபிடித்தவர் கௌசல்யா. இதைப் போடுங்க" என்றார்.

என் விரல் நின்றது. இந்தத் திருத்தம் எப்படியும் குழுவின் கைக்குப் போகும். தப்பான எண் அனுப்பிய இடத்தில் இவளும் இருந்தாள் என்று என் பெயரை நானே எழுதிக் கொடுக்க வேண்டுமா?

"சார், என் பேர் வேண்டாம் சார். 'பிழை இருந்தது'ன்னு மட்டும் போட்டா போதாதா? எங்க ஊட்டு நிலைமை உங்களுக்குத் தெரியும்."

"தயவு செஞ்சு டைப் பண்ணுங்க."

"குழு வர்ற நேரம் சார்."

"அதனாலதாங்க சொல்றேன். தயவு செஞ்சு."

கணவர் முன்னாலும் வெள்ளியங்கிரி முன்னாலும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தட்டினேன். அந்த நிமிஷம் அவர் மேல் எனக்கு வெறுப்பாகவே இருந்தது. தன் மனசாட்சியைச் சுத்தம் செய்ய என் வீட்டு அடுப்பில் தண்ணீர் ஊற்றுகிறார் என்றுதான் நினைத்தேன். லைன் இரண்டு முறை அறுந்தது, மூன்றாம் முறை போய்விட்டது. வெள்ளியங்கிரி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "ஏனுங் சார், தேயிலை எப்ப ஏறும்னு இதுல வருமுங்களா?" என்று கேட்டார். "அது இதைவிடக் கஷ்டமான கணக்குங்க" என்றார் சார்.

திருத்தம் நேரத்துக்குள் வந்து சேர்ந்தது என்று பிறகு பதில் வந்தது. அதை வைத்து நிம்மதிப்படுவதற்குள் குழு வந்துவிட்டது.

மூன்று பேர் வந்தார்கள். முதலில் சாரைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவர் வெளியே வந்து, என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, டீ குடிக்கத் தனியாகப் போனார். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். குழுத் தலைவர் தமிழ் தெரிந்தவர், வயதானவர், அவசரமில்லாமல் பேசினார். எஸ்டேட் நிலைமையைச் சொன்னார். அறக்கட்டளையால் இனிமேல் இந்தக் கணிப்பு வேலைக்கு ஒரு ஆளைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றார். நான் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன்.

"இரண்டு பேர்ல யாருன்னு நாங்க முடிவு பண்ண வேண்டியிருந்தது. பிழை செஞ்சது யார், கண்டுபிடிச்சது யார்னு உங்க சாரே எழுதி உலகத்துக்கே அனுப்பிட்டாரு. எங்களுக்கு வேலை மிச்சம்" என்றார்.

என் ஒப்பந்தத்தைப் புதுப்பித்த தாளை நீட்டினார், கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்தபோது சார் அறையில் இல்லை. மாதக் கடைசியில் அவர் மேஜையைக் காலி செய்தபோதும், ஏன் பெயர்களைப் போடச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. "அந்த நிரலைத் திருத்தி வெச்சிருங்க" என்று மட்டும் சொன்னார். அப்போது நான் நிரலில் சேர்த்த வரிதான் இப்போது அந்தப் பெண் அழிக்கலாமா என்று கேட்டது.

அவர் போன பிறகு முடிவு வெளியாயிற்று. நான் அச்செடுத்து, கையில் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பெரிய பெரிய இடங்கள் சொன்ன எண்களெல்லாம் அதிகம். குறையும் என்ற சாரின் கட்சிதான் ஜெயித்தது. ஆனால் அளந்த எண் எங்கள் திருத்திய எண்ணுக்குப் பக்கத்தில் இல்லை. பிழையோடு முதலில் அனுப்பினோமே, அதை ஒட்டி உட்கார்ந்திருந்தது. வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் உலகத்திலேயே சரியாகச் சொன்னது நாங்கள்தான்.

அரை நாள் லீவு போட்டுவிட்டு ஊட்டி மார்க்கெட்டுக்குப் போனேன். சார் அண்ணன் கடையில், மூட்டைகளுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். தாளைக் கொடுத்தேன். நிதானமாகப் படித்தார்.

"பழைய எண்ணுக்குப் பக்கத்துல வந்திருக்குது" என்றார்.

"பேசாம இருந்திருந்தா நீங்க இன்னும் அங்கயே இருந்திருப்பீங்க சார்."

"இருந்திருப்பேனுங்க." தாளை மடித்தார். "வருத்தமில்லைன்னு சொல்ல மாட்டேன். இந்தக் கடையில எனக்கு ஒரு வேலையும் தெரியலை. என்னை எடை போடக்கூட விட மாட்டேங்கறாங்க."

"அப்ப எதுக்கு என் பேரைப் போடச் சொன்னீங்க?"

"ஒரு இடம்தான்னு செயலாளர் முன்னாடியே சொல்லிட்டாருங்க. உங்களை வெச்சுக்கங்கன்னு நான் கேட்டா, பரிதாபப்பட்டுக் கேக்கறேன்னு நினைப்பாங்க, ஒதுக்கிடுவாங்க. நடந்ததை அப்படியே எழுதினா யாராலயும் ஒதுக்க முடியாதுல்லீங்க."

"திருத்தமே அனுப்பாம இருந்திருக்கலாம். யாருக்குத் தெரியும்?"

"நமக்கு ரெண்டு பேருக்குத் தெரியுமே. நான் எப்படியோ சமாளிச்சிருப்பேனுங்க. உங்களால ஒரு வாரம் தாங்க முடியுமா? குழு முன்னாடி போய் உக்காந்ததும் கேக்காமயே கொட்டியிருப்பீங்க."

கடை வாசலில் நின்று சிரித்தேன், அழவும் செய்தேன். பருப்பு வாங்க வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். சார் தாளை மறுபடி பிரித்து, திருத்திய எண்ணுக்கும் அளந்த எண்ணுக்கும் நடுவே பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

"இந்த வித்தியாசம் எதனால வருதுங்க?"

"தெரியலை சார்."

"பழைய எண்ணையே விட்டிருந்தா இப்படி ஒண்ணு இருக்கறதே தெரிஞ்சிருக்காது. நெருக்கத்துல எதையோ நாம அளவுக்கு மேல அமுக்கிட்டோம். போய்ப் போடுங்க. தெரிஞ்சா வந்து சொல்லுங்க, நான் இங்கதான் இருப்பேன்."

இத்தலார் பஸ்ஸில் அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வேலை போய்விடுமே என்ற பயம் அன்றோடு விட்டது. அதன் இடத்தில் வேறொரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் இருக்கும் காலத்துக்குள் கண்டுபிடித்துப் போய்ச் சொல்லிவிட முடியுமா என்ற பயம்.

முடியவில்லை.